கையில் ஆசிரியர் சான்றிதழ் இருக்கிறது; அடுத்து எதைப் படிப்பது?

ஆசிரியர் பயிற்சி முடித்து, சான்றிதழும் வாங்கி, சில வருடங்கள் வகுப்பெடுத்த பிறகு மேலே படிக்கலாமா என்ற எண்ணம் பலருக்கும் வரும். எனக்கு அது ஒன்பதாவது வருடத்தில் வந்தது. நான் கணக்கு நடத்துகிறவள். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஏழில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் வந்துகொண்டே இருந்தார்கள். பகுதிகளைச் சமமாக்கிக் கூட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் அன்றைக்குச் சரியாகச் செய்வார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் ஏழில் இரண்டு. அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் இன்னும் இருபது வருடம் நடத்துவது பிள்ளைகளுக்குச் செய்யும் நியாயம் இல்லை என்று தோன்றியபோதுதான் படிப்புகளைத் தேட ஆரம்பித்தேன்.

தேடினால் எம்.எட்., கல்வியியலில் எம்.ஏ., எம்.ஏ.டி. (கற்பித்தலில் முதுகலை), எட்.டி. (கல்வியியலில் முனைவர் பட்டம்), பிஎச்.டி. என்று பெயர்கள் வந்து குவிந்தன. பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதுதான் முதலில் புரிந்தது. ஓரிடத்தில் எம்.எட். என்றால் ஆய்வேடே இல்லாத பாடநெறி; இன்னோரிடத்தில் அதே பெயருக்கு ஆய்வேடு கட்டாயம். ஓரிடத்தில் ஒரு வருடம், இன்னோரிடத்தில் இரண்டு வருடம். அதனால் இந்தக் கட்டுரையில் பட்டங்களைப் பெயர் வாரியாக ஒப்பிடப் போவதில்லை. எந்தப் படிப்பு எந்த ஆசிரியருக்குப் பொருந்தும் என்ற கோணத்தில்தான் பார்க்கப் போகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கல்வியியல் முதுநிலைப் படிப்புகளில் கணிசமானவை இன்னும் ஆசிரியர் ஆகாதவர்களுக்காக உருவானவை. எம்.ஏ.டி. அப்படிப்பட்டது. பாடத்தில் பட்டம் பெற்றவர்களைப் பள்ளி ஆசிரியர்களாக்குவதற்காக ஹார்வர்டு 1936-இல் அதைத் தொடங்கியது. அதன் நோக்கம் இன்றைக்கும் பெரும்பாலும் அதுதான். ஏற்கெனவே சான்றிதழ் உள்ளவர் அதில் சேர்ந்தால் பாடத்திட்டம் எழுதுவது, வகுப்பறை நிர்வாகம், கண்காணிக்கப்படும் கற்பித்தல் பயிற்சி என்று முன்பு செய்ததையே பணம் கட்டி மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும். என்னுடன் வேலை பார்த்த ஒருவருக்கு இதுதான் நடந்தது. இரண்டாவது செமஸ்டரில்தான் தன் வகுப்பில் இருக்கும் மற்ற யாருமே ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை என்பதைக் கவனித்தார். படிப்பை முடித்தார், பட்டமும் கிடைத்தது. ஆனால் அந்த இரண்டு வருடத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் முகம் வாடிப்போகும். விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: இது சான்றிதழ் பெறுவதற்கான படிப்பா, சான்றிதழ் பெற்றவர்களுக்கான படிப்பா?

இதன் மறுபக்கமும் உண்டு. முன்பு படித்த ஆசிரியர் பயிற்சியே முதுநிலைக்குக் கொஞ்சம் கணக்கில் சேரலாம். இங்கிலாந்தில் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சியை முடித்தவர்கள் பலருக்கு முதுநிலை மட்டத்திலான 60 கிரெடிட் ஏற்கெனவே கையில் இருக்கும். பட்டத்துக்கு மொத்தம் தேவை 180. மூன்றில் ஒரு பங்கு வேலை முடிந்துவிட்டது என்று பொருள். ஆனால் படித்து எத்தனை வருடத்துக்குள் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டு நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது.

சரி, இனி உண்மையான பிரிவுக்கு வருவோம். படித்து முடித்த பிறகு வகுப்பறையில் இருக்கப் போகிறீர்களா, வெளியே வரப் போகிறீர்களா? இதற்குப் பதில் சொல்லாமல் படிப்பைத் தேர்ந்தெடுத்தால் பாதி வழியில் தடுமாற்றம் வரும். எனக்குப் பதில் தெளிவாக இருந்தது: இருக்கப் போகிறேன். அதனால் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும், அதிகம் சொல்லவும் இருக்கிறது.

வகுப்பறையில் தொடரப் போகிறவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பொதுவான கல்வியியல் முதுநிலை ஒன்று. சொந்தப் பாடத்திலேயே முதுநிலை இன்னொன்று. பாடமும் கற்பித்தலும் சேர்ந்த, அல்லது ஒரு குறிப்பிட்ட தேவையை மட்டும் ஆழமாகப் பார்க்கும் சிறப்புப் படிப்பு மூன்றாவது.

பொதுப் படிப்பில் கல்வித் தத்துவம், கல்வி உளவியல், கலைத்திட்டம், மதிப்பீடு, ஆய்வு முறையியல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். பரந்த பார்வை கிடைக்கும், பள்ளி என்ற அமைப்பே ஏன் இப்படி இருக்கிறது என்று புரியும். பல கல்வி அமைப்புகளில் ஊதிய உயர்வுக்கும் பதவி உயர்வுக்கும் முதுநிலைப் பட்டம் என்ற தகுதியே போதும். எந்தப் பட்டம் என்று கேட்பதில்லை. அந்தக் காரணத்துக்காகப் படிப்பதில் தவறு ஒன்றும் இல்லை. வீட்டைச் சுமக்கிற ஆசிரியருக்கு ஊதியம் மிக நியாயமான காரணம். ஆனால் அந்த விதி நிலையானது என்று நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், முதுநிலைப் பட்டத்துக்காகக் கூடுதல் ஊதியம் தரும் ஏற்பாட்டைப் புதிதாகப் பட்டம் பெறுபவர்களுக்கு நிறுத்த 2013-இல் சட்டம் கொண்டுவந்தது. சேர்ந்து பாதி படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அப்படி ஒரு முடிவுக்கு அரசுகள் போவதற்குப் பின்னால் ஒரு ஆராய்ச்சிப் பின்னணி இருக்கிறது. ஆசிரியரிடம் பொதுவாக முதுநிலைப் பட்டம் இருப்பதற்கும் அவருடைய மாணவர்கள் தேர்வில் எடுக்கும் மதிப்பெண்ணுக்கும் பெரிய தொடர்பு இல்லை என்பதை அமெரிக்க ஆய்வுகள் பல முறை காட்டியிருக்கின்றன. முதலில் படித்தபோது எனக்கு இது வலித்தது. ஆனால் அதே ஆய்வுகளுக்குள் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. டான் கோல்ட்ஹேபரும் டொமினிக் ப்ரூவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கில் பட்டம் பெற்ற ஆசிரியர்களிடம் படித்த மாணவர்கள் கணக்கில் மேலாக இருந்தார்கள். பாடத்தோடு சேராத பொதுப் பட்டத்துக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. மதிப்பெண் ஒன்றை மட்டும் வைத்து ஆசிரியரின் வேலையை அளக்க முடியாதுதான். இருந்தாலும், கற்பித்தல் மேம்பட வேண்டும் என்று படிக்கிறவர் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கு இது ஒரு நல்ல குறிப்பு.

அப்படியானால் நேராகப் பாடத்திலேயே முதுநிலை படித்துவிடலாமா? உயர்நிலை வகுப்புகளுக்கு நடத்துகிறவர்களுக்கு, குறிப்பாகத் தன் பாடத்தில் அடித்தளம் பலவீனம் என்று உணர்கிறவர்களுக்கு, தயங்காமல் ஆம் என்பேன். இயற்பியலை முறையாகப் படிக்காமல் இயற்பியல் நடத்த வேண்டிய நிலையில் இருக்கும் ஆசிரியருக்கு இயற்பியலைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. என் சிக்கல் வேறு. பின்னங்களைக் கூட்ட எனக்குத் தெரியும். தெரியாதது, பிள்ளை ஏன் அப்படிக் கூட்டுகிறது என்பது. உயர் கணிதம் எத்தனை தாள் எழுதினாலும் அதற்குப் பதில் அங்கே வராது.

இந்த இடைவெளிக்கு அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் ஒரு பெயர் கொடுத்தார்: பாடம் சார்ந்த கற்பித்தல் அறிவு. பாட அறிவு ஒன்று, கற்பித்தல் அறிவு ஒன்று. இரண்டும் கலந்த மூன்றாவது அறிவு ஒன்று ஆசிரியருக்கே உரியது என்றார். ஒரு குறிப்பிட்ட பாடப்பகுதியில் மாணவர்கள் எங்கே தவறுவார்கள், எந்த உதாரணம் எடுபடும், எது குழப்பும் என்று தெரிந்திருப்பதுதான் அந்த மூன்றாவது அறிவு. கணிதக் கல்வி, அறிவியல் கல்வி, மொழிக் கல்வி என்ற பெயர்களில் வரும் முதுநிலைப் படிப்புகள் இதைத்தான் மையமாக வைத்திருக்கின்றன. நான் சேர்ந்தது கணிதக் கல்வியில். முதல் செமஸ்டரிலேயே பின்னங்களைப் பற்றி ஒரு முழு மாதம் படித்தோம். பிள்ளைகள் பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்ப்பதில்லை, மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு முழு எண்களாகப் பார்க்கிறார்கள். அதனால் மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டுகிறார்கள். இது ஓரளவு நான் ஊகித்ததுதான். ஊகிக்காதது அடுத்தது. மூன்று முறை பந்து எறிந்து ஒன்று உள்ளே விழுந்தது, அடுத்து நான்கு முறை எறிந்து ஒன்று விழுந்தது. மொத்தம் ஏழில் இரண்டு. இது சரிதான்! விகிதங்களைச் சேர்க்கும் இடத்தில் பிள்ளையின் முறை வேலை செய்கிறது. நான் அதுவரை சொல்லாமல் விட்டது, ஒரே முழுமையின் பங்குகளைக் கூட்டும்போது அது ஏன் வேலை செய்யாது என்பதைத்தான். அடுத்த வாரமே எண்கோட்டை வைத்துப் பின்னங்களை மறுபடி ஆரம்பித்தேன். என் வகுப்பு மாறியது அந்த நாளிலிருந்து.

அதனால் என் சாய்வை மறைக்கவில்லை. வகுப்பறையில் இருக்க விரும்புகிறவருக்கு, மனதில் ஒரு குறிப்பிட்ட கேள்வி இருந்தால், அந்தக் கேள்விக்கு மிக அருகில் இருக்கும் குறுகிய படிப்புதான் சிறந்தது. வாசிப்பில் திணறும் குழந்தைகள் உங்கள் கவலை என்றால் வாசிப்பு கற்பித்தலில் சிறப்புப் படிப்பு. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியுமாக வரும் பிள்ளைகள் என்றால் இரண்டாம் மொழி கற்பித்தல். கற்றல் குறைபாடு, ஆட்டிசம் உள்ள குழந்தைகள் என்றால் சிறப்புக் கல்வி. இந்தக் கடைசிப் படிப்பில் மட்டும் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதுநிலைப் பட்டம் வேறு, சிறப்பாசிரியராக வேலை செய்ய அனுமதிக்கும் உரிமம் வேறு. சில படிப்புகள் இரண்டையும் தரும், சில பட்டத்தை மட்டும் தரும். பள்ளி ஆலோசகர் படிப்புக்கும் இதே கதை. உரிமத்துக்குக் குறிப்பிட்ட மணி நேரக் களப்பயிற்சி கேட்பார்கள், பகுதி நேரமாகப் படிக்கிறவருக்கு அதைப் பள்ளி வேலைக்கு நடுவே முடிப்பது பெரும்பாடு.

அடுத்து, ஆய்வேடு உள்ள படிப்பா, இல்லாததா? பலர் ஆய்வேடு என்றதும் ஒதுங்கிவிடுகிறார்கள். பிஎச்.டி. பக்கம் போகும் எண்ணம் துளியாவது இருந்தால் ஒதுங்காதீர்கள். பல பல்கலைக்கழகங்கள் முதுநிலையில் ஆய்வு செய்த அனுபவத்தைக் கேட்கின்றன. வெறும் பாடநெறியாகப் படித்துவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிஎச்.டி. எண்ணமே இல்லாவிட்டாலும் ஆய்வேட்டுக்கு நான் வாதாடுவேன். காரணம் செயல் ஆராய்ச்சி. தன் வகுப்பின் சிக்கலைத் தானே எடுத்து, ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, விளைவைப் பதிவு செய்து, மறுபடி மாற்றிப் பார்ப்பது. இந்தச் சொல் பரவலானது உளவியலாளர் கர்ட் லெவின் 1946-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு. ஆசிரியரே ஆய்வாளராக இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975-இல் அழுத்தமாக எழுதினார். பணியில் இருக்கும் ஆசிரியருக்கு மட்டுமே கிடைக்கும் வாய்ப்பு இது. முழு நேர ஆய்வாளர்கள் ஒரு வகுப்பறைக்குள் நுழைய மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். நீங்கள் தினமும் உள்ளேதான் இருக்கிறீர்கள்.

ஆனால் அதனாலேயே ஒரு பொறுப்பும் வருகிறது. பிள்ளைகள் சிறுவர்கள். அவர்களை ஆய்வில் சேர்க்கப் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் அனுமதி, பள்ளியின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம் எல்லாம் வேண்டும். மதிப்பெண் போடுகிறவரும் நீங்களே, ஆய்வு செய்கிறவரும் நீங்களே என்னும்போது வேண்டாம் என்று சொல்லப் பிள்ளைக்குத் தைரியம் வருமா? அறநெறிக் குழு இதைத்தான் முதலில் கேட்டது. ஒப்புதல் படிவங்களை வேறோர் ஆசிரியர் வாங்கி வைத்துக்கொண்டு, யார் சம்மதித்தார்கள் என்பதே மதிப்பெண் பதிவு முடியும் வரை எனக்குத் தெரியாதபடி ஏற்பாடு செய்தோம். அனுமதி வர இரண்டரை மாதம் ஆனது. பள்ளி ஆண்டின் நடுவில் விண்ணப்பித்தால் அனுமதி வரும்போது தேர்வுக் காலம் வந்துவிடும். அதனால் ஆய்வு நடக்கும் பருவத்துக்கு ஒரு பருவம் முன்பே படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். எந்தக் கையேட்டையும்விட இந்த ஒரு திட்டமிடல்தான் எனக்குப் பெரிதாக உதவியது.

வகுப்பறையை விட்டு வெளியே போக விரும்புகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியர் ஆக வேண்டும் என்றால் கல்வி நிர்வாகம் அல்லது கல்வித் தலைமைத்துவம். இங்கேயும் பட்டமா உரிமமா என்ற கேள்விதான் முதலாவது. பாடநூல், கலைத்திட்டம், தேர்வு வடிவமைப்பு ஆகிய பணிகளுக்குப் போக நினைத்தால் கலைத்திட்டமும் மதிப்பீடும் படிக்கலாம்; அதில் மதிப்பீட்டுப் பக்கத்துக்குப் புள்ளியியல் நன்றாக வர வேண்டும். கல்வித் தொழில்நுட்பப் படிப்பு வேகமாகப் பழசாகிவிடும் என்பது என் கருத்து. மென்பொருள்களைக் கற்றுத்தரும் படிப்பைவிட, மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை அடிப்படையாக வைத்திருக்கும் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

முனைவர் பட்டத்தில் எட்.டி.யும் பிஎச்.டி.யும் நிறையப் பேரைக் குழப்புகின்றன. எட்.டி. தாழ்ந்தது என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை, இரண்டின் நோக்கமும் வேறு. பிஎச்.டி. புதிய அறிவை உருவாக்கும் ஆய்வாளருக்கு. பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விரும்புகிறவருக்கு அதுதான் வழி. எட்.டி. பணியில் இருந்துகொண்டே தன் பணியின் சிக்கலை ஆராய்கிறவருக்கு. ஆனால் இந்தக் கோடு நீண்ட காலம் மங்கலாகவே இருந்தது. எட்.டி. பட்டத்தை 1920களின் தொடக்கத்திலிருந்தே வழங்கிவந்த ஹார்வர்டு கல்வியியல் பள்ளியே பின்னாளில் அதைக் கைவிட்டு, ஆய்வுக்குப் பிஎச்.டி., தலைமைப் பணிக்குத் தனியாக ஒரு பட்டம் என்று பிரித்துக்கொண்டது. இன்னொரு பக்கம், எட்.டி.யைப் பணியாற்றுவோருக்கான பட்டமாகவே செதுக்கி எடுக்க 2007-இல் அமெரிக்காவில் கார்னகி எட்.டி. திட்டம் தொடங்கியது, பல பல்கலைக்கழகங்கள் அதில் சேர்ந்தன. ஆகவே நீங்கள் பார்க்கும் எட்.டி. இதில் எந்த வகை என்று அதன் ஆய்வேடுகளைப் பார்த்தால்தான் தெரியும். வேலையை விடாமல் பிஎச்.டி. செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை: முடியும், ஆனால் குடும்பம் முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டியிருக்கும். வீட்டில் உட்கார்ந்து பேசாமல் விண்ணப்பிக்க வேண்டாம்.

முழு நேரமா, பகுதி நேரமா, ஆன்லைனா என்பதில் என் அனுபவம் பகுதி நேரத்தின் பக்கம். காலையில் நடத்தியதை மாலையில் படிப்பது, மாலையில் படித்ததை மறுநாள் நடத்திப் பார்ப்பது. இந்தப் போக்குவரத்துதான் படிப்பை உயிரோடு வைத்தது. முழு நேரமாகப் போனவர்கள் நிறையப் படித்தார்கள், ஆழமாகவும் படித்தார்கள், ஆனால் திரும்பி வந்தபோது படித்ததில் பாதியை இணைக்க இடம் தேடினார்கள். அதே சமயம், மிகவும் களைத்துப்போய், ஆசிரியப் பணியே வேண்டாம் என்ற விளிம்பில் நிற்கிறவருக்குப் பகுதி நேரப் படிப்பைச் சொல்ல மாட்டேன். அவருக்கு ஓய்வூதிய உரிமையும் பணி மூப்பும் போகாமல் படிப்பு விடுப்பு கிடைக்குமானால் அதுதான் நல்லது.

ஆன்லைனில் பாடம் கேட்பது சிரமமில்லை. தனிமைதான் சிரமம். ஒரே குழுவாகச் சேர்ந்து ஒரே குழுவாக முடிக்கும் ஏற்பாடு உள்ள ஆன்லைன் படிப்புக்கும், அவரவர் வசதிப்படி தனித்தனியாகப் படிக்கும் படிப்புக்கும் நிறைய வித்தியாசம். இரண்டாவது வகையில் அசைன்மென்ட் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். வினாத்தாள், மதிப்பெண் பதிவு என்று பள்ளி வேலை எப்போதும் முந்திக்கொள்ளும். வேறு நாட்டில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், ஆன்லைன் பட்டத்தையும் ஒரு வருட முதுநிலையையும் அந்த நாடு ஏற்குமா என்று அங்குள்ள தகுதி மதிப்பீட்டு அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரியின் வாய்மொழி உறுதி போதாது.

பட்டமே வேண்டாம் என்பதும் ஒரு தெரிவுதான், அதை யாரும் சொல்வதில்லை. வயது வந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்குக் கேம்பிரிட்ஜின் டெல்டா என்ற டிப்ளமோ இருக்கிறது. மூன்று பகுதிகள், இங்கிலாந்தின் தகுதிக் கட்டமைப்பில் முதுநிலைப் பட்டத்தின் அதே ஏழாம் நிலை. அமெரிக்காவில் ஆசிரியர் பணித் தரங்களுக்காக 1987-இல் உருவான தேசிய வாரியம் தரும் சான்றிதழ், ஆசிரியரின் வகுப்புக் காணொளி, மாணவர் வேலைகள், அவற்றைப் பற்றி அவர் எழுதும் அலசல், பாட அறிவுத் தேர்வு ஆகியவற்றை வைத்து மதிப்பிடுகிறது. இவை இரண்டும் ஆசிரியரின் கற்பித்தலையே நேரடியாகப் பார்க்கின்றன. பதவி உயர்வுக்குப் பட்டம் தேவையில்லாத ஒருவருக்கு, பொது முதுநிலையைவிட இவற்றை நான் மேலாகவே வைப்பேன்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். அந்தத் துறையில் கடந்த சில வருடங்களில் முடிந்த ஆய்வேடுகளை நூலகத்தில் தேடி, மூன்றை எடுத்து முழுவதும் படியுங்கள். அறிமுகப் பாடநெறிக் கையேட்டில் எல்லாப் படிப்பும் அழகாகத்தான் இருக்கும்; ஆய்வேட்டில் உண்மை தெரியும். ஒரு ஆசிரியர் தன் வகுப்பில் எதை மாற்றினார், எது பலிக்கவில்லை என்று திறந்து எழுத நெறியாளர் இடம் கொடுத்திருக்கிறாரா? பிள்ளைகளின் குரல் அதில் எங்காவது கேட்கிறதா? நான் அப்படி எடுத்த மூன்றில் ஒன்று, தசமப் புள்ளியைக் கண்டு பயந்த எட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. அன்றிரவே அந்த நெறியாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன், ஏழில் இரண்டைப் பற்றி.